கேஸ் மாத்திரைக்கும் கை நடுக்கத்துக்கும் என்ன சம்பந்தம்?

பாலக்கோட்டுக்காரன்:
அம்மாவுக்கு 68 வயது. நெஞ்செரிச்சல், உப்புசத்துக்குப் போன தீபாவளி சமயத்தில் ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்த கேப்ஸ்யூல் இன்னும் ஓடுகிறது. வயிறு சரியாகிவிட்டது. ஆனால் இப்போது மடியில் சும்மா வைத்திருக்கும் இரண்டு கையும் நடுங்குகின்றன. புளி தட்ட உட்கார்ந்தால் குறைகிறது. நடையும் குறுகிவிட்டது. 'வயசானா அப்படித்தான்' என்கிறார்கள். அட்டையில் ராபிபிரசோல் 20 மி.கி., லெவோசல்பிரைடு 75 மி.கி. என்று இருக்கிறது. இதனாலா?

ஊத்தங்கரை மருந்தாளுநர்:
இருக்கலாம் தம்பி. ராபிபிரசோல் அமிலத்தைக் குறைப்பது, அதை விடுங்கள். லெவோசல்பிரைடுதான் விஷயம். மனநோய்க்குக் கொடுக்கும் சல்பிரைடின் குடும்பம் அது. நரம்புகள் செய்தி அனுப்பும் ரசாயனமான டோபமைன் வந்து உட்காரும் இடங்களை, அதாவது டி2 ஏற்பிகளை, அடைக்கும். டோபமைன் இரைப்பையின் வேகத்தைக் குறைக்கும்; அதைத் தடுத்தால் இரைப்பையை இயக்கும் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் கூடி, சாப்பாடு சீக்கிரம் கீழே இறங்கும். உப்புசம் போனது அதனால்தான்.

ஆனால் உடல் அசைவை நடத்தும் மூளைப் பகுதியிலும் அதே டி2 இருக்கிறது. கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்பார்களே, அப்படித்தான். துண்டு எந்த வேலையும் செய்யாது, டோபமைனை உட்காரவும் விடாது. வாந்திக்குக் கொடுக்கும் டோம்பெரிடோனும் டி2-ஐ அடைப்பதுதான், ஆனால் அது மூளைக்குள் அதிகம் நுழைவதில்லை. லெவோசல்பிரைடு நுழையும். வயதானவர்களுக்கு, அதுவும் கிட்னி மந்தமாக இருந்தால், மருந்து உடம்பில் தேங்கும். பழைய சீட்டை நீட்டி மாதக்கணக்கில் வாங்குபவர்களைத் தினமும் பார்க்கிறேன், சொன்னால் கோபம்தான் வருகிறது அவர்களுக்கு.

காவேரிப்பட்டணம் அக்கா:
என் தங்கச்சிக்கு இதே மருந்தில் மாதவிலக்கு நின்று, மார்பில் பால் கசிந்தது. கர்ப்பமோ என்று வீடே கலங்கிப் போனது. டெஸ்டில் பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் ஏறியிருந்தது.

ஊத்தங்கரை மருந்தாளுநர்:
அதுவும் டி2 வேலைதான் அக்கா. மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் புரோலாக்டினை அடக்கி வைப்பது டோபமைன்.

பாலக்கோட்டுக்காரன்:
நடுக்க நோயான பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் மாத்திரையை ஆரம்பிக்கலாம் என்கிறார் மாமா.

ஊத்தங்கரை மருந்தாளுநர்:
முதலில் துண்டை எடுக்க வேண்டும். ஏற்பி அடைபட்டிருக்கும்போது பார்க்கின்சன் மாத்திரையால் டோபமைனைக் கூட்டினால் பெரிய பலன் இருக்காது. பார்க்கின்சன் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் தொடங்கும். இரண்டு கையும் சேர்ந்தே நடுங்குவதால் மருந்தின் மேல்தான் எனக்குச் சந்தேகம். புது அட்டை வாங்காமல், இருக்கிற அட்டையோடு நாளைக்கே தர்மபுரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அம்மாவைக் கூட்டிப் போங்கள். மருந்தை நிறுத்தினால் பலருக்கு வாரங்களிலோ சில மாதங்களிலோ நடுக்கம் அடங்கும். அடங்காவிட்டால் உள்ளே பார்க்கின்சன் இருந்ததா என்று நரம்பு டாக்டர் பார்ப்பார். மாமாவை அதுவரை பொறுக்கச் சொல்லுங்கள்.