புதுப்பிப்பு: எல்லா போட்டோவும் ஒரே தேதி காட்டுன பிரச்சனை சரியாயிடுச்சு

பழைய ஹார்ட் டிஸ்க்ல இருந்து காப்பி பண்ணதும் கம்ப்யூட்டர் போட்டோ லைப்ரரில எல்லா போட்டோவும் காப்பி பண்ண நாளையே காட்டுதுன்னு கேட்டிருந்தேன்ல, சரியாயிடுச்சு, உதவுன எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

தம்ப்நெயில் கேஷ (சேமிச்சு வச்சிருக்கிற குட்டி முன்னோட்டப் படங்கள) அழிச்சுப் பாத்தேன், ஒன்னும் மாறல. ஃபைல் தேதி மாறினாலும் கேமரா எழுதின எக்சிஃப் தேதி (போட்டோ எடுத்த நாள்) ஃபைலுக்கு உள்ளயே பத்திரமா இருக்கும்னு ஒருத்தர் சொன்னாரே, அதான் விடை. முதல்ல முழு பேக்கப் எடுத்துட்டு, எக்சிஃப்டூல்ங்கற (எக்சிஃப் விவரங்கள படிச்சு மாத்துற) சாஃப்ட்வேர் வச்சு அந்த தேதியவே ஃபைல் தேதியா மாத்தி, லைப்ரரிய மறுபடி ஸ்கேன் பண்ண விட்டேன், எல்லாம் அந்தந்த வருஷத்துல போய் உக்காந்துடுச்சு, பாத்ததும் அவ்ளோ நிம்மதி.

எதிர்பாக்காதது என்னன்னா, சாட்ல வந்த படங்கள்ல எக்சிஃப் தேதியே இல்ல. நல்லவேளை ஃபைல் பேர்லயே 20190412ன்னு தேதி இருந்துச்சு, எக்சிஃப்டூல் அதையும் படிச்சு எழுதிடுது. ஸ்கேன் பண்ண பழைய ஆல்பம் படங்கள மட்டும் கையாலதான் மாத்திட்டு இருக்கேன்.