கேமன்ஸ் கேட் மணிக்கோபுரமும் எங்கள் நாட்டாமியும்

கொழும்பு புறக்கோட்டையில் மெயின் வீதியும் நாலாம் குறுக்குத் தெருவும் சந்திக்கும் இடத்துக்கு அருகே, ஒரு மொத்தப் புடவைக்கடையில் பதினொரு ஆண்டுகள் கணக்கெழுதினேன். அந்தச் சந்தியில் நிற்கும் கேமன்ஸ் கேட் மணிக்கோபுரம் ஒல்லாந்தர் காலத்தது என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆயினும் லொறிக்காரருக்குத் தொலைபேசியில் வழி சொல்வதற்கு அப்பால் அதைப் பற்றி நான் நினைத்ததில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த மாமா, ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர், கடை வாசலில் நின்று, "தம்பி, இந்த மணி எங்கையிருந்து வந்தது?" என்று கேட்டபோது விழித்தேன். வண்டிலில் பொதி கட்டிக்கொண்டிருந்த, எங்கள் சுமைதூக்கும் தொழிலாளியான நாட்டாமி, பல்லில் கடித்திருந்த கயிற்று நுனியை எடுத்துவிட்டு எனக்காகப் பதில் சொன்னார்: "ஐயா, முந்தி இங்க கோட்டை வாசல். தண்ணியில முதல கிடந்திச்சாம். ராவைக்கு இந்த மணி அடிச்சா வெளக்க அணைச்சிரணுமாம். எங்க பாட்டன் சொல்லுவாரு." மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. ஒல்லாந்தர் மொழியில் முதலையினத்துக்குரிய சொல்லே அந்த வாசலின் பெயராயிற்று என்றும், மணி கோட்டேயில் இடிந்து கிடந்த போர்த்துக்கேயர் தேவாலயத்திலிருந்து வந்ததாகச் சொல்வார்கள் என்றும் அவர் பங்குக்குச் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, 1877இல் திறக்கப்பட்ட தேசிய நூதனசாலைக்கு என்னை அழைத்துச் சென்று, காலி மும்மொழிக் கல்வெட்டின் முன் நிறுத்தினார். சீனத் தளபதி செங் ஹேயின் பெயரோடு சேர்ந்த, 1409ஆம் ஆண்டுக்குரிய அந்தக் கல், 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டபோது, எழுத்து கீழே பார்த்திருக்க ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்ததாம். சீனமும் பாரசீகமும் எனக்கு எட்டாதவை. தமிழ்ப் பகுதியையும் மாமா வாசித்துச் சொல்லவே புரிந்துகொண்டேன். தெய்வேந்திரமுனையில் கோயில்கொண்டிருந்த தெனாவரை நாயனாருக்குக் காணிக்கையாகக் கொடுத்த பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் எல்லாம் அளவோடு வரிசையாக எழுதப்பட்டிருந்தன. கணக்குப்பிள்ளையின் கண்ணுக்கு அது சரக்குப் பட்டியலாகவே தெரிந்தது; அப்படிச் சொன்னதற்கு மாமா கோபிக்கவில்லை. அத்தனை காலம் அதன்மேல் நடந்துபோன காலிக்காரரை என்னால் குறைகூற முடியவில்லை. நாங்களும் மழைக்காலத்தில் படங்கு கட்ட இடம் தேடியபோது அந்த மணிக்கோபுரத்தைத்தான் முதலில் பார்த்திருக்கிறோம்.

திங்கட்கிழமை கடை திறந்ததும் நாட்டாமியிடம் கல்வெட்டைப் பற்றி விரிவாகச் சொன்னேன். பொதியை இறக்காமலே கேட்டு முடித்தவர், "அங்க நம்ம முதலையப் பத்தி ஏதும் எழுதி வச்சிருக்காங்களா?" என்று விசாரித்தார். இல்லை என்றேன். "அப்ப அவங்களுக்குத் தெரியாது போல" என்று சொல்லிவிட்டு, வண்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்.