ஆயில் இறக்கினா தங்கப் பொடி மாதிரி மின்னுது, வண்டியை லோடுக்கு அனுப்பலாமா?

சங்ககிரி 12 சக்கரம்:
வணக்கம்ங்க. சொந்த வண்டி, ஒரே வண்டி. 12 சக்கரம், 6 சிலிண்டர் டர்போ, பிஎஸ்-4. 4 லட்சத்து 60 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கு. எஞ்சினை இதுவரைக்கும் பிரிச்சதே இல்லைங்க.

நேத்து ஆயில் மாத்தினோம். பழைய ஆயிலை டப்புல பிடிச்சு வெளியில வெச்சா, வெயில் பட்ட இடத்துல மினுமினுன்னு இருக்கு. விரல்ல தொட்டுத் தேய்ச்சுப் பார்த்தேன். நெறநெறன்னு இல்லை, ஆனா ரேகைக்குள்ள மஞ்சள் மஞ்சளா ஒட்டிக்கிச்சு. மனசே சரியில்லைங்க.

எஞ்சின்ல தட்டுற சத்தம் இல்லை. ஆயில் குறையல. பிரஷர் சூட்டுல ஐடிலிங்ல ஒண்ணரை கிலோ, ரோட்டுல 4 கிலோ காட்டுது. ஆயில் வழக்கமா ஊத்துற 15டபிள்யூ-40 தான். பக்கத்துப் பட்டறைக்காரர் "வயசான எஞ்சின், இன்னும் கெட்டியான 20டபிள்யூ-50 ஊத்தி ஓட்டுங்க, அடங்கிடும்"னு சொல்றார். நாளை மறுநாள் நாக்பூருக்கு லோடு ஒத்துக்கிட்டேன். 10ஆம் தேதி டியூ. போகலாமா, வேண்டாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நாமக்கல் பட்டறை:
தம்பி, முதல்ல வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க. பழைய ஃபில்டரைத் தூக்கிப் போட்டுட்டீங்களா? போட்டிருந்தா குப்பையில இருந்தாவது தேடி எடுத்துட்டு வாங்க. உங்க கேள்விக்குப் பதில் அதுக்குள்ளதான் இருக்கு.

கெட்டியான ஆயில் ஊத்தினா மீட்டர்ல முள்ளு ஏறும், தேயறது நிக்காது. குளிர்ல ஸ்டார்ட் பண்றப்போ மேல இருக்கிற பேரிங்குக்கு ஆயில் இன்னும் லேட்டாப் போய்ச் சேரும். அந்த யோசனையை விட்டுடுங்க.

ஃபில்டரை ஹாக்ஸா போட்டு அறுக்காதீங்க. பிளேடு பொடி உள்ள விழுந்துட்டா எது எஞ்சின் பொடி, எது பிளேடு பொடின்னு யாராலயும் சொல்ல முடியாது. லேத்ல குடுத்தா விளிம்பை மட்டும் சீவித் தருவாங்க. அந்தச் சீவல் உள்ள போகாமப் பார்த்துக்கணும். அப்புறம் உள்ள மடிச்சு மடிச்சு இருக்கிற பேப்பரை பிளேடால வெட்டி எடுத்து, சுத்தமான துணியில சுத்தி வைஸ்ல வெச்சு நெருக்குங்க. ஆயில் வடிஞ்சதும் வெயில்ல விரிச்சுப் பாருங்க. ஒரு துண்டை வெள்ளைத் தட்டுல போட்டு மண்ணெண்ணெயில அலசினா துகள் எல்லாம் அடியில நிக்கும்.

பழைய ஸ்பீக்கர் காந்தத்தை ஒரு பாலிதீன் கவர்ல போட்டு அதுமேல காட்டுங்க. ஒட்டினா இரும்பு: ரிங், லைனர், கேம், டைமிங் கியர் இதுல ஏதாவது. ஒட்டாம வெள்ளையா மின்னினா அலுமினியம், பிஸ்டன் பக்கம் சந்தேகம். ஒட்டாம மஞ்சளா, செம்பு நிறமா இருந்தா பேரிங் இல்லாட்டி புஷ்.

பேரிங்ல ஏன் செம்பு வருதுன்னு கேட்பீங்க. நிறைய டீசல் எஞ்சின்ல கிராங்க், அதாவது பிஸ்டன் தள்ளச் சுத்துற தண்டு, அதோட பேரிங்குக்கு முதுகு ஸ்டீல், அதுமேல செம்பும் ஈயமும் கலந்த ஒரு அடுக்கு, அதுக்கும் மேல தலைமுடியை விட மெல்லிசா ஈயப் பூச்சு. புதுசுல சாம்பல் நிறம். பூச்சு தேஞ்ச இடத்துல செம்பு தெரிய ஆரம்பிக்கும். உங்க டப்புல மஞ்சளா மின்னுதுன்னா எங்கயோ ஒரு பேரிங்ல அந்தச் செம்பு அடுக்கு வெளியில வந்திருக்கலாம். அது எந்தப் பேரிங்னுதான் கண்டுபிடிக்கணும்.

திண்டுக்கல் டிப்பர்:
எனக்கு நடந்தது வேற. மினுமினுப்பே கிடையாது, ஃபில்டர் பேப்பர்ல கருஞ்சாம்பல் சேறு, காந்தத்துல அப்படியே மீசை மாதிரி ஒட்டிக்கிச்சு. கடைசியில பார்த்தா ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவுல போற ரப்பர் ஹோஸ்ல கிளிப்புக்கு அடியில ஒரு கீறல். குவாரி தூசியை எஞ்சின் நேரா குடிச்சிருக்கு. 6 லைனரும் ரிங்கும் போச்சு. அந்த ஹோஸைக் கழட்டி உள்பக்கம் விரல் விட்டுப் பாருங்கண்ணா. புழுதி ஒட்டினா காரணம் அங்கதான்.

மதுரை டெம்போ:
டிரெயின் பிளக் காந்தத்துல கொஞ்சம் சாம்பல் பசை எப்பவுமே இருக்கும், அதுக்குப் பயப்பட வேண்டாம். எஞ்சின் வேலை பார்த்த புதுசுல முதல் ஆயில்லயும் கொஞ்சம் வரும். ஆனா பிரிக்காத எஞ்சின்ல திடீர்னு மஞ்சள் வந்தா அது பழக்கமான தேய்மானம் இல்லை. ஆயில் சாம்பிள் லேப்புக்கு அனுப்பிப் பாருங்களேன்?

ஆயில் லேப்:
அனுப்பலாம், ஆனா இந்த நிலைமையில அதை மட்டும் நம்ப வேண்டாம். ஸ்பெக்ட்ரோமீட்டர் டெஸ்ட் சில மைக்ரான் அளவுள்ள ரொம்பச் சின்னத் துகளைத்தான் சரியாக் கணக்கெடுக்கும். கண்ணுக்குத் தெரியுற தகடு அதுல ஒழுங்கா விழாது. டப்புல மின்னுற வண்டிக்கும் ரிப்போர்ட் "பரவாயில்லை"ன்னு வர வாய்ப்பு இருக்கு. எனக்கு வர்ற சாம்பிள்ல இதைத்தான் அதிகமா விளக்க வேண்டியிருக்கு.

லேப் உதவுறது காரணம் தேடத்தான். சிலிக்கான் ஏறியிருந்தா தூசி, சோடியம் ஏறியிருந்தா கூலன்ட், ஆயில் நீர்த்திருந்தா டீசல் கலப்பு. சாம்பிள் சூட்டோட எடுங்க, பிளக்கைக் கழட்டினதும் வர்ற முதல் ஆயில் வேண்டாம், நடு ஓட்டத்துல பிடிங்க.

சங்ககிரி 12 சக்கரம்:
ஃபில்டரை லேத்ல திறந்துட்டோம்ங்க. மடிப்புக்கு மடிப்பு ரெண்டு மூணு மஞ்சள் தகடு. பெரிசு எள்ளு அளவு, மத்தது ரவை அளவு. காந்தத்துல ஒண்ணுகூட ஒட்டல. ஹோஸ் உள்பக்கம் சுத்தமா இருக்கு. டர்போ வீலைப் பிடிச்சு முன்ன பின்ன ஆட்டிப் பார்த்தோம், அசையல. நாக்பூர் லோடைப் பங்காளி வண்டிக்கு மாத்திவிட்டுட்டேன்.

நாமக்கல் பட்டறை:
லோடை மாத்தினது நல்ல காரியம். சூட்டுல ஒண்ணரை கிலோ நிக்குது, சத்தம் இல்லை, டர்போவும் சரி. அப்போ ஒண்ணு கேட்கிறேன், யோசிச்சுச் சொல்லுங்க. காலையில பிரேக் ஏர் டேங்க் வால்வை இழுத்தா என்ன வருது? காத்து ஏற எவ்வளவு நேரம் ஆகுது?

சங்ககிரி 12 சக்கரம்:
அண்ணா, கருப்பா ஆயிலும் தண்ணியும் கலந்து அரை டம்ளர் வருது. முன்னாடி டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள 8 கிலோ ஏறிடும், இப்ப அதைப்போல ரெண்டு மடங்கு ஆகுது. கிளீனர் பையன் ரெண்டு மாசமாச் சொல்லிட்டேதான் இருந்தான். அது பிரேக் சமாச்சாரம், காத்துல ஈரம் எடுக்கிற டிரையர் மாத்தணும் போலன்னு விட்டுட்டேன்.

நாமக்கல் பட்டறை:
பிரேக்குக்குக் காத்து அடைக்கிற ஏர் கம்ப்ரசரைக் கழட்டுங்க. நிறைய பேர் அதை பிரேக் கணக்குலயே வெச்சிருக்காங்க. அதுக்குள்ளயும் ஒரு கிராங்க், கனெக்டிங் ராடு, பேரிங் இருக்கு. எஞ்சின் ஆயில் பைப் வழியா அங்க போய், டைமிங் கேஸ் வழியாத் திரும்பி, எஞ்சின் அடியில ஆயில் நிக்கிற சேம்பர்ல விழுது. அங்க தேயறதெல்லாம் உங்க எஞ்சின் ஆயில்லதான் வந்து கலக்கும்.

கம்ப்ரசர்தான்னு தெரிஞ்சாலும் சேம்பரை இறக்காம விடாதீங்க. சேம்பர்ல விழுந்த துகள் முதல்ல ஆயில் பம்புக்குள்ள போகுது, ஆயிலைக் குளிர வைக்கிற கூலருக்குள்ள போகுது, அதுக்கப்புறம்தான் ஃபில்டர். ஃபில்டர் அடைச்சா பைபாஸ் வால்வு திறந்து அழுக்கோட கிராங்குக்குப் போயிடும். கனெக்டிங் ராடு கேப் ரெண்டு, கிராங்கைத் தாங்குற மெயின் பேரிங் கேப் ஒண்ணு கழட்டி பேரிங் முகத்தைப் பாருங்க. பம்பைத் திறந்து பாருங்க. கூலரை இறக்கி ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி அலசுங்க. கூலரை விட்டுட்டா 1000 கிலோமீட்டர்ல பழைய துகள் திரும்ப வந்து புது பேரிங்கைக் கீறும். என் கண்ணு முன்னாடி ஒரு வண்டி அப்படிப் போச்சு.

மதுரை டெம்போ:
ஃபிளஷிங் ஆயில் ஊத்தி ஓட விட்டா எல்லாம் வந்துடாதா?

நாமக்கல் பட்டறை:
பிசுக்கு வரும், உலோகம் வராது. ஃபிளஷிங் ஆயில் தண்ணி மாதிரி இருக்கும், தேஞ்ச பேரிங்கை அதுல ஓட்டினா மிச்சமும் போகும். இந்த வண்டிக்குக் கூடாது.

சங்ககிரி 12 சக்கரம்:
4 நாள் கழிச்சு எழுதறேன், எல்லாரும் மன்னிக்கணும்.

கம்ப்ரசர்தாங்க. ராடு பேரிங் பாதி முகம் செம்பாத் தெரியுது. ஒரு ஓரத்துல நகம் பேர்ந்த மாதிரி தகடு பேர்ந்திருக்கு, ஃபில்டர்ல வந்த எள்ளு அளவுத் துண்டை அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்துல வெச்சுப் பார்த்தோம், நிறம் அப்படியே ஒண்ணு. கம்ப்ரசர் பிஸ்டன் ஓடுற போரும் தேஞ்சிருக்கு, அதான் டேங்குக்கு ஆயில்.

சேம்பர் இறக்கினோம். 2, 5 ராடு, 3ஆம் மெயின் பார்த்தோம். சாம்பல் பூச்சு நல்லா இருக்கு, மெல்லிசாக் கோடு விழுந்து ரெண்டு மூணு மஞ்சள் புள்ளி பதிஞ்சு நிக்குது. கிராங்க்ல நகம் வெச்சு ஓட்டினா எங்கயும் மாட்டல. கிரைண்டிங் தேவைப்படல. இறக்கினது இறக்கினோம்னு ஸ்டாண்டர்டு சைஸ் பேரிங் புதுசு, ராடு போல்ட்டும் புதுசு போட்டுட்டோம். பம்புல லேசான கீறல்தான். கூலரை அலசினப்போ ஒரு சிட்டிகை வந்துச்சு. அதைப் பார்த்ததும் அண்ணன் சொன்னது எவ்வளவு சரின்னு புரிஞ்சுது. வேற கம்ப்ரசர், டிரையர் கார்ட்ரிட்ஜ் ரெண்டும் மாத்தியாச்சு. டீசலை நிறுத்திட்டு செல்ஃப் மட்டும் விட்டுவிட்டு அடிச்சு, ஆயில் மீட்டர் முள்ளு எழுந்த பிறகுதான் ஸ்டார்ட் பண்ணோம்.

நாமக்கல் பட்டறை:
நல்லாச் செஞ்சிருக்கீங்க தம்பி. 500 கிலோமீட்டர்ல ஃபில்டரை மட்டும் மாத்தி அதையும் வெட்டிப் பாருங்க. அதுவரைக்கும் தொலைதூர லோடு வேண்டாம்.

சங்ககிரி 12 சக்கரம்:
கோயம்புத்தூர் லோடு மூணு அடிச்சு 500 தாண்டியாச்சு. இன்னைக்கு ஃபில்டரை வெட்டினோம். மொத்தப் பேப்பர்லயும் ரவைக்கும் சின்னதா ரெண்டே புள்ளி. கூலர்ல மிச்சம் இருந்ததுன்னு நினைக்கிறேன், அடுத்த ஃபில்டரையும் வெட்டிப் பார்த்துடறேன். லேப்புக்கு நடு ஓட்டத்துல சாம்பிள் எடுத்து அனுப்பியிருக்கேன். காலையில பையன் டேங்க் வால்வை இழுத்துட்டு என்னைக் கூப்பிட்டான். காத்து மட்டும்தான் வந்துச்சுங்க.