மடிக்கணினித் திரை தானாகவே மங்குகிறது, அவசர உதவி தேவை

திருமண_ஆல்பம்
வணக்கம். என் மடிக்கணினியின் திரை திடீர் திடீரென மங்குகிறது. சற்று நேரத்தில் தானாகவே பழைய வெளிச்சத்துக்குத் திரும்பியும் விடுகிறது. நான் எந்த விசையையும் தொடுவதில்லை. பிரைட்னஸ் அளவு 80-லேயே நிற்கிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் இறங்கிவிடுகிறது. சென்ற வாரம் இந்தத் திரையை நம்பித் திருமண ஆல்பப் படங்களின் வெளிச்சத்தைக் கூட்டி அச்சு லேபுக்கு அனுப்பினேன். அச்சாகி வந்த பக்கங்களில் மணப்பெண்ணின் முகம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளிறியிருந்தது. அந்தக் குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்டு, மீண்டும் அச்சிட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். நாளை மறுநாள் கோப்புகளை அனுப்பியாக வேண்டும். திரையை மாற்றினால் சரியாகிவிடுமா?

மழைக்காலம்
திரையை மாற்றும் முடிவுக்கு இப்போதே போக வேண்டாம். எந்த ஆண்டு வாங்கிய கணினி, எந்த விண்டோஸ், எப்போது தொடங்கியது, மங்கும்போது சார்ஜர் இணைப்பில் இருக்கிறதா இல்லையா என்பவற்றைச் சொல்லுங்கள். கடைசிக் கேள்விக்கான விடைதான் மிக முக்கியம்.

ஸ்க்ரூடிரைவர்
பதினைந்து ஆண்டுகளாகப் பழுது பார்க்கிறேன்; இப்படி வரும் கணினிகளில் நான் முதலில் சந்தேகிப்பது கீலைத்தான். மதர்போர்டிலிருந்து திரைக்குச் செல்லும் டிஸ்ப்ளே கேபிள் கீலை ஒட்டி வளைந்து செல்கிறது. மூடியைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அது மடங்கி நிமிர்கிறது. சென்ற மாதம் கழற்றிய ஒன்றில், தலைமுடி போன்ற கம்பிகளில் இரண்டு உறை உரிந்து செம்பு தெரிய நின்றன. திரைக்குப் பின்னிருந்து ஒளி தரும் பேக்லைட்டுக்கான மின்சாரமும் இதே கேபிள் வழியாகத்தான் போகிறது. மூடியை மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மங்கினால் கேபிள்தான் காரணம். கேபிளைப் பார்க்காமல் முழுத் திரையையும் மாற்றச் சொல்லும் கடையை நம்பாதீர்கள்.

கட்டளைவரி
கேள்வி கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. கணினியின் விவரம் ஒன்றுகூட இல்லாமல் "மங்குகிறது" என்று எழுதினால், உதவ வருபவர்கள் ஊகத்தில்தான் பேச வேண்டியிருக்கும். இதை நான் இங்கே பலமுறை சொல்லிவிட்டேன். அடிப்படைச் சோதனைகளைச் செய்துவிட்டு வாருங்கள். கணினி தொடங்கும்போது விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருளான பயாஸின் அமைப்புத் திரைக்குள் சென்று பத்து நிமிடம் அப்படியே விட்டுப் பாருங்கள். விண்டோஸே ஓடாத அந்த இடத்திலும் மங்கினால் கோளாறு வன்பொருளில்தான். கேமராவுக்கு அருகே ஒளியை உணரும் சென்சார் இருந்தால், அதை விரலால் மூடிப் பாருங்கள்.

பழைய_மானிட்டர்
சார்ஜர் முனை தளர்ந்திருக்கலாம். இணைப்பு விட்டு விட்டு வந்தால் கணினி மின்சாரத்துக்கும் பேட்டரிக்கும் மாறி மாறிப் போகும். சில கணினிகளில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வெளிச்ச அளவு இருக்கும் என்பதால் திரை கூடிக் குறைவதுபோல் தெரியும். என் வீட்டில் ஒரு மாதம் இதே பாடுதான் பட்டோம்.

கட்டளைவரி
அப்படியானால் பிரைட்னஸ் அளவும் சேர்ந்து மாறியிருக்கும். அளவு 80-லேயே நிற்கிறது என்று அவர் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு மறுமொழி எழுதுவது நல்லது.

திருமண_ஆல்பம்
விவரம் தராததற்கு மன்னிக்கவும். 2021-இல் வாங்கியது, விண்டோஸ் 11. மூடியை அசைத்தாலும் மாற்றமில்லை. சென்சார் இருப்பதாகவும் தெரியவில்லை. ஸ்டுடியோவில் உள்ள மானிட்டரை எச்.டி.எம்.ஐ. வழியாக இணைத்தால் அது மங்காமல் நிற்கிறது, அதனால்தான் மடிக்கணினித் திரை போய்விட்டது என்று நினைத்தேன். இந்த மாதம் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்சாரத்தை நிறுத்திய நாளில் பேட்டரியில் வேலை செய்தேன், அன்று மிகவும் மோசமாக இருந்தது. மற்ற நாட்களிலும் இடையிடையே வரும். சார்ஜரைப் போட்டிருந்தேனா என்று கவனிக்கவில்லை. அது முக்கியம் என்று தோன்றவில்லை.

மழைக்காலம்
அதுதான் முக்கியம். வெளி மானிட்டர் மங்கவில்லை என்பதை வைத்து உள்திரை பழுது என்று முடிவு கட்ட முடியாது. பேட்டரியைச் சேமிக்கும் அமைப்புகள் உள்திரையின் பேக்லைட்டை மட்டுமே குறைக்கின்றன. இன்னும் ஒன்று கேட்கிறேன், பொறுமையாக யோசித்துச் சொல்லுங்கள்: மங்கும் நேரத்தில் திரையில் எந்தப் படம் இருக்கிறது?

திருமண_ஆல்பம்
இப்போதுதான் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். முகூர்த்தப் படங்களில், அதாவது வெள்ளை வேட்டியும் பகல் வெளிச்சமும் உள்ளவற்றில், எந்தத் தொல்லையும் இல்லை. இரவு வரவேற்புப் படங்களைக் கறுப்புப் பின்னணியில் திறந்தால் நான்கைந்து நொடிகளில் இறங்குகிறது. மறுபடி முகூர்த்தத்துக்கு வந்தால் ஏறுகிறது. இத்தனை நாள் இதைக் கவனிக்காமல் இருந்திருக்கிறேன்!

மழைக்காலம்
அப்படியானால் உங்கள் திரையில் பழுது இல்லை. திரையில் இருண்ட படம் வந்தால், அதற்கு இவ்வளவு வெளிச்சம் தேவையில்லை என்று கணக்கிட்டு, கணினியே பேக்லைட்டைக் குறைக்கிறது. குறைத்தது தெரியாமலிருக்கப் படத்தின் புள்ளிகளைச் சற்றே பிரகாசமாக்கி ஈடுகட்டவும் முயல்கிறது. மின்னஞ்சல் படிப்பவருக்கு இது பெரும்பாலும் தெரியாது. நிழல் பகுதியின் நிறத்தை நுணுக்கமாகத் திருத்தும் உங்களைப் போன்றவர்களுக்குக் காலுக்கடியில் தரை நகர்வதற்குச் சமம்.

முதலில் விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே என்று சென்று பிரைட்னஸ் என்பதன் ஓரத்தில் உள்ள அம்பை விரியுங்கள். உள்ளடக்கத்துக்கேற்ப வெளிச்சத்தை மாற்றும் தெரிவு அங்கே இருந்தால் 'ஆஃப்' என்று வையுங்கள். சில கணினிகளில் அது இருக்காது. அப்போது, திரையைக் கையாளும் சிப்புக்கான கிராஃபிக்ஸ் மென்பொருளுக்குள் தேட வேண்டும். இன்டெல் கிராஃபிக்ஸ் கமாண்ட் சென்டரில் சிஸ்டம், பவர், 'ஆன் பேட்டரி' என்று சென்றால் 'டிஸ்ப்ளே பவர் சேவிங்ஸ்' இருக்கும். ஏ.எம்.டி. சிப்பாக இருந்தால் இதே வேலையைச் செய்யும் தெரிவுக்கு 'வேரி-பிரைட்' என்று பெயர். அணைத்த பிறகு, முழுக் கறுப்புப் படம் ஒன்றின் ஓரத்தில் மெல்லிய வெள்ளைப் பட்டை வைத்து, பேட்டரியிலேயே ஒரு நிமிடம் பாருங்கள். பட்டையின் வெளிச்சம் அசையக் கூடாது.

கட்டளைவரி
இத்தனை பட்டன்களைத் தேடுவதைவிட விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை மாற்றினால் இரண்டு நிமிட வேலை. நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.

ஸ்க்ரூடிரைவர்
நாளை மறுநாள் கோப்பு அனுப்ப வேண்டியவரிடம் ரெஜிஸ்ட்ரியைத் தொடச் சொல்லாதீர்கள். ஒரு இலக்கம் தவறினால் அவருடைய வேலை முழுவதும் நின்றுவிடும். கிராஃபிக்ஸ் சிப்பை இயக்கும் டிரைவர் மென்பொருளைப் புதுப்பித்தால் அந்த மதிப்பு பழைய நிலைக்கே திரும்பிவிடவும் கூடும்.

கட்டளைவரி
பேக்கப் எடுத்துவிட்டு மாற்றுவதில் ஆபத்து ஒன்றுமில்லை. பயந்துகொண்டே இருந்தால் யாரும் எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

பழைய_மானிட்டர்
என்னைக் கேட்டால், அச்சுக்குப் போகும் படங்களைப் பேட்டரியில் ஓடும் மடிக்கணினியில் திருத்துவதே தவறு. கேலிபரேஷன் செய்த, அதாவது நிறமும் வெளிச்சமும் கருவியால் அளந்து சரிசெய்த மானிட்டரில்தான் திருத்த வேண்டும்.

ஸ்க்ரூடிரைவர்
முகூர்த்த மாதத்தில் மின்சாரம் நின்றால் சிறிய ஊரின் ஸ்டுடியோக்காரர் வேறு என்ன செய்வார்? கேலிபரேஷன் கருவி வாங்கும் வசதி எல்லோருக்கும் இல்லை. கையில் இருப்பதை வைத்து எப்படிச் சரியாகச் செய்வது என்று சொல்வதுதான் உதவி.

மழைக்காலம்
இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. கருவி இல்லாவிட்டாலும், படத்தின் புள்ளிகளை இருட்டு இடதிலும் வெளிச்சம் வலதிலுமாகக் காட்டும் ஹிஸ்டோகிராம் என்ற வரைபடம் பெரும்பாலான திருத்த மென்பொருள்களில் இருக்கிறது. திரை எவ்வளவு மங்கினாலும் அந்த வரைபடம் மாறாது, ஏனெனில் அது கோப்பில் உள்ள மதிப்புகளைத்தான் காட்டுகிறது. முகத்தின் பிரகாசமான பகுதி வரைபடத்தின் வலது விளிம்பில் குவிந்திருந்தால், திரையில் எப்படித் தெரிந்தாலும் அச்சில் வெளிறித்தான் வரும். சென்ற வாரக் கோப்புகளை அதில் திறந்து பாருங்கள், எந்தெந்தப் பக்கங்களைத் திருத்த வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

ஸ்க்ரூடிரைவர்
ஆல்பம் நண்பரே, அணைத்துப் பார்த்தீர்களா? மறைந்துவிடாதீர்கள், விடை தெரிந்தால் அடுத்து வருபவருக்கும் பயன்படும்.

திருமண_ஆல்பம்
தாமதத்துக்கு மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். விண்டோஸ் செட்டிங்ஸில் அந்தத் தெரிவு இல்லை. கிராஃபிக்ஸ் மென்பொருளில் இருந்தது, அணைத்துவிட்டேன். வெள்ளைப் பட்டை அசையவில்லை. சென்ற வாரக் கோப்புகளில் 11 வரவேற்புப் பக்கங்கள் மட்டும் வலது விளிம்பில் முட்டி நிற்கின்றன, முகூர்த்தப் பக்கங்கள் சரியாகவே இருக்கின்றன. அந்தப் பதினொன்றையும் இன்றிரவே திருத்தி அனுப்புகிறேன். அனைவருக்கும் நன்றி.