ஏற்காட்டு பங்களாவுல பாத்த எனாமல் டயல், கூடவே எங்க தாத்தா வாட்ச்

எனாமல் டயல்னா என்னன்னு எனக்கு புரிஞ்சது ஏற்காட்டுலதாங்க, அதுவும் எங்க தாத்தா வாட்ச்சாலதான், அதனால அதுலருந்தே ஆரம்பிக்கறேன்.

தாத்தா ஏற்காடு மேல ஒரு காபி எஸ்டேட்ல கணக்குப்பிள்ளையா இருந்தவரு. வேலைய விட்டு வரப்ப தொரை குடுத்த பாக்கெட் வாட்ச் ஒண்ணு எங்க வீட்ல இருக்கு, வெள்ளி கேஸ் கறுத்துப்போச்சு, ஆனா டயல் மட்டும் நேத்து செஞ்ச மாதிரி பால் வெள்ளையா இருக்கும், பீங்கான்னே நெனச்சிட்டிருந்தோம். சேலத்துல ஒரு எடத்துல ரிப்பேருக்கு குடுத்தேன். ஓட வச்சு குடுத்துட்டாங்க, ஆனா 4 மணிகிட்ட முடி மாதிரி ஒரு விரிசல். கேட்டா முன்னாடியே இருந்துச்சுங்கறாங்க. இல்லவே இல்ல, அந்த டயல் எனக்கு மனப்பாடம். ரெண்டு நாள் சோறு எறங்கல.

அந்த எஸ்டேட்ட இப்ப வச்சிருக்கற ஐயா வாட்ச் சேக்கறவருன்னு கேள்விப்பட்டு, 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி போய் நின்னேன். தாத்தா பேர சொன்னதும் உள்ள கூப்பிட்டு காபி குடுத்தாரு, அப்புறம் பெட்டிய தொறந்தாரு. படேக் ஃபிலிப்ங்கற சுவிஸ் கம்பெனியோட 5131. 2008ல வந்த வேர்ல்ட் டைம் மாடல், சுத்தி ஊர் பேரெல்லாம் வளையமா இருக்கும், எந்த ஊர்ல என்ன மணின்னு பாத்துக்கலாம். நடுவுல உலக வரைபடம், அது முழுக்க க்ளாய்சோனே எனாமல், அதாவது கம்பியால கட்டம் கட்டி உள்ள எனாமல் நெரப்பறது. ஜன்னல் பக்கம் சாய்ச்சு புடிச்சு லென்ஸ் வச்சு பாருன்னாரு, பாத்தேன், கரையெல்லாம் மெல்லிசு தங்கக் கம்பி, கடல் நீலம் கம்பிக்கு நடுவுல தண்ணி தேங்குன மாதிரி ஆழமா இருக்கு, பிரிண்ட்ல அந்த ஆழம் வராதுங்க, சத்தியமா வராது.

அவரு சொல்லித்தான் தெரியும், அது பெயின்டே இல்ல, கண்ணாடித் தூள். கம்பிய கையால வளைச்சு ஒட்டி, தூள தண்ணியில கொழச்சு சின்ன பிரஷ்ஷால ஒவ்வொரு கட்டத்துலயும் நெரப்பி, 800 டிகிரி கிட்ட சுட்டு, ஆறுனதும் அமுங்கிப்போன எடத்துல திரும்ப நெரப்பி திரும்ப சுடணும். எந்தச் சுடுல வேணா விரியலாம், குமிழ் வரலாம், அப்ப அதுவரைக்கும் பாத்த வேலை மொத்தமும் போச்சு. அதனாலதான் இந்த மாதிரி டயல ரொம்ப கொஞ்சமா பண்றாங்க, அந்த விலை. இன்னொண்ணு, அந்த ஊர் வளையத்துல கராச்சிக்கு அடுத்து நேரா டாக்கா, நம்ம நேரம் அது ரெண்டுக்கும் நடுவுல அரை மணி கணக்குல வருது, அதுக்கு எடமே இல்ல!

அப்புறம் தயங்கித் தயங்கி தாத்தா வாட்ச்ச எடுத்து வச்சேன். படேக்க ஓரமா வச்சுட்டு இதத்தான் ரொம்ப நேரம் பாத்தாருங்க. இதுவும் எனாமல்தான்பா, செம்புத் தகட்டு மேல சுட்டதுன்னாரு. டயலுக்கு பின்னால சின்ன கால் இருக்கும், அத திருகு வச்சு முடுக்கறப்ப கொஞ்சம் ஜாஸ்தியா முடுக்குனா உள்ள இருக்க தகடு வளையும், மேல இருக்க எனாமல் கண்ணாடிதானே, வளையாது, விரிஞ்சுரும். விரிசல ஒட்டறேன்னு யார்கிட்டயும் குடுக்காத, அப்படியே வச்சிருன்னாரு. நானும் அதயே சொல்றேன். எனாமல் வாட்ச் வச்சிருக்கறவங்க சர்வீஸ் குடுக்கறதுக்கு முன்னாடி டயல நல்ல வெளிச்சத்துல கிட்டக்க போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. பெயின்ட் அடிச்ச பழைய டயல எனாமல்னு சொல்லி விக்கறாங்க, அதயும் பாத்து வாங்குங்க.

*

அண்ணா, நான் சேலம் செவ்வாய்ப்பேட்டை, எங்களுக்கு கொலுசு பட்டறை. படிச்சதும் கை பரபரன்னு வந்துருச்சு. நாங்க கொலுசுல வைக்கற மீனா கலரும் எனாமல் வேலைதான், ஆனா இப்பல்லாம் சுடறதே இல்ல, தடவி காய வைக்கறதுதான், நாளாக நாளாக உதிரும். எங்க ஆத்தாவோட பழைய மோதிரம் ஒண்ணுல பச்சை மீனா இருக்கு, ஜெய்ப்பூர் வேலைன்னு சொல்லும், வெள்ளி தேஞ்சுபோயும் அந்தப் பச்சை அப்படியே இருக்கு. சுட்டதாத்தான் இருக்கும்னு இப்பதான் தோணுது. லென்ஸ் வச்சு பாக்கணும்ணா, எனக்கு எப்படி பாக்கறதுன்னு தெரியல.

*

தம்பி, ஞாயித்துக்கிழமை பட்டறைக்கு வரேன். மோதிரத்த கழுவாம அப்படியே வை. லென்ஸ் நான் எடுத்துட்டு வரேன், தாத்தா வாட்ச்சும்தான்.