தீம் பார்க் போகும் முன்: உயரம், உடை, அலைக்குளம்

(நான்கு ஊர்க்காரர்கள் மாறி மாறிச் சொன்ன குறிப்புகள்)

ஓசூர்:
பெங்களூரு பக்கத்தில் பிடதியில் இருக்கும் வொண்டர்லா தீம் பார்க்குக்குக் குழந்தைகளோடு கிளம்புகிறவர்கள் வீட்டிலேயே டேப் எடுத்து அளந்துவிடுங்கள். அங்கே குழந்தை டிக்கெட் வயதை வைத்து இல்லை, உயரத்தை வைத்து. 85 செ.மீ.க்குக் கீழே இலவசம், அதற்கு மேல் 140 செ.மீ. வரை குழந்தைக் கட்டணம். செருப்பில்லாமல் அளக்க வேண்டும். சவாரிகளில் ஏற்றுவதும் உயரம் பார்த்துத்தான். "அண்ணனை விட்டாங்க, என்னை ஏன் விடலை" என்ற அழுகை வீட்டிலேயே வந்து ஓய்ந்துவிட்டால் நல்லது.

உயரக்கோட்டில் நிற்கும் ஊழியரிடம் "ஒரு விரக்கடைதானே சார்" என்று கெஞ்சுகிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பாதுகாப்புக் கம்பி மடியில் இறங்கும் சவாரிகளில், பெரியவர் தொடையில் முட்டியதும் கம்பி நின்றுவிடும். பக்கத்தில் இருக்கும் பொடியனுக்கும் கம்பிக்கும் நடுவே பெரிய இடைவெளி விழும். உயரம் சரியாகவே இருந்தாலும், அப்படிப்பட்ட சவாரியில் பிள்ளையை வீட்டுப் பெரியவர்களில் ஒல்லியானவர் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

கோவை:
மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர் மாதிரி தண்ணீர் விளையாட்டுக்கென்றே போகிற இடங்களில் பாதி நேரத்தைத் தின்பது உடைதான். பருத்தி நனைந்தால் கனக்கும், உடம்போடு ஒட்டும், சறுக்கில் உராய்ந்து பாதியிலேயே நிற்க வைக்கும். ஜீன்ஸின் ஜிப்பும் உலோகப் பொத்தானும் ஃபைபர் சறுக்கைக் கீறும். கீறல் விழுந்த இடம் அடுத்து வருகிறவர் முதுகைக் கிழிக்கும். நைலான் அல்லது பாலியஸ்டர் டி-சர்ட், முட்டிவரை கால்சட்டை போதும். புடவை கட்டும் அம்மாக்களுக்கு முழுக்கை நீச்சல் டி-சர்ட்டும் நைலான் லெக்கிங்ஸும் வசதி. வாடகை உடையை நம்பிப் போனால் ஞாயிற்றுக்கிழமை சரியான அளவு கிடைப்பது சந்தேகம்.

பிள்ளைகளுக்கு நீல நிறம் வேண்டவே வேண்டாம். தண்ணீருக்குள் நீலம் கண்ணுக்கே தெரியாது. பளிச்சென்ற ஆரஞ்சு எடுங்கள்.

மதுரை:
கோவைக்காரர் சொன்னதோடு நகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொலுசு, மெட்டி, தொங்கும் தோடு எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். தாலிச் சங்கிலியைக் கழற்ற மனம் வராதவர்கள் அன்றைக்கு மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டு, டி-சர்ட்டுக்குள் விட்டுக்கொள்ளலாம். ஊக்கு குத்தி வைப்பது ஆபத்து, சறுக்கும்போது திறந்துகொள்ளும்.

சாப்பாடு: வெளிச் சாப்பாடு பெரும்பாலும் உள்ளே விடமாட்டார்கள். குழந்தை உணவும் மருந்தும் இருந்தால் வாசலில் காட்டிச் சொல்லிவிடுங்கள். எண்ணெய் குழைத்த பொடி தடவிய இட்லியை வண்டியிலேயே கொடுத்துவிட்டு உள்ளே போனால் மதியம் வரை தாங்கும். சுழல்கிற சவாரிகளைக் காலையில் முடித்துவிடுங்கள். சாப்பிட்ட உடனே சுற்றினால் வாந்திதான். ஒரு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். ஊஞ்சல் கப்பலில் பயப்படுகிறவர்களுக்கு நடு வரிசை. ஓரங்கள்தான் அதிகம் உயரும்.

தாம்பரம்:
இயந்திரத்தால் அலை எழுப்பும் அலைக்குளம் பற்றி யாரும் சொல்லவில்லையே. பெற்றோர் அதிகம் ஏமாறும் இடம் அதுதான். அலை இல்லாதபோது முழங்கால் அளவு தண்ணீர்தானே என்று பிள்ளையை விடுவார்கள். அலை வந்ததும் அதே இடத்தில் தண்ணீர் இடுப்பைத் தாண்டும், பிள்ளையின் கால் தரையை விட்டு எழும். கையை மட்டும் பிடித்திருந்தால் வழுக்கிவிடும். அக்குளுக்குக் கீழே இரண்டு கையாலும் பிடித்து, அலையைப் பார்த்தபடி நில்லுங்கள். காற்றடைத்த கைவளையம் கழன்றுவிடும், லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்கி, கால் இடுக்குப் பட்டையையும் மாட்டுங்கள். அந்தப் பட்டை இல்லாவிட்டால் ஜாக்கெட் மட்டும் மேலே ஏறி, முகம் தண்ணீருக்குள் போய்விடும். கான்டாக்ட் லென்ஸை முன்பே கழற்றிவிட வேண்டும்.

ஒரு பெரியவருக்கு ஒரு பிள்ளை என்று பெயர் சொல்லிப் பிரித்துக்கொள்ளுங்கள். "எல்லாரும் பார்த்துக்கிறோம்" என்றால் யாருமே பார்க்கவில்லை என்று அர்த்தம்.

ஓசூர்:
தண்ணீர் புகாத செல்போன் பை வாங்கினால் முதலில் அதில் டிஷ்யூ தாளை மட்டும் போட்டு மூடி, பக்கெட் தண்ணீரில் அரை மணி அமிழ்த்திப் பாருங்கள். தாள் நனைந்தால் பை வேண்டாம்.

கோவை:
தாத்தா பாட்டி வருவதாக இருந்தால் பள்ளிச் சுற்றுலா கூட்டம் இல்லாத வார நாளாகப் பாருங்கள். இரத்த அழுத்தம், இதயக் கோளாறு, முதுகுவலி உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வேகச் சவாரி கூடாது. நிழலில் ஒரு இடத்தைப் பிடித்து, அதையே எல்லாரும் சந்திக்கும் இடமாக வைத்துக்கொள்ளலாம். மதியத் தரை கொதிக்கும், பின்பட்டை உள்ள பழைய ரப்பர் செருப்பு போடுங்கள்.

உள்ளே நுழையும் முன் பிள்ளையை அன்றைய உடையோடு ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். முன்கையில் மார்க்கர் பேனாவால் செல் நம்பரும் எழுதிவிடுங்கள். இரவு தேங்காய் எண்ணெய் தேய்த்தால் போய்விடும்.