ஒளித்தணிவு: அணைவுச் சேர்ம உணரிகளுக்கு ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

உணரி (ஒரு பொருள் இருப்பதை அறிந்து சொல்வது, சென்சார்), ஈனி (உலோக அயனியோடு பிணையும் மூலக்கூறு, லிகண்ட்), அணைவுச் சேர்மம் (உலோக அயனியை ஈனிகள் சூழ்ந்த சேர்மம், சுருக்கமாக அணைவு) மூன்றும் நிலைத்துவிட்ட சொற்கள், அவற்றைத் தொட வேண்டாம். இழுபறி 'குவென்ச்சிங்' என்பதில்தான், அதாவது ஒளிரும் பொருளின் ஒளியை இன்னொன்று குறைப்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதில். இதற்கு ஐயா ஒருவர் முன்வைத்த 'ஒளியணைப்பு' எனக்கு ஒப்பவில்லை. 'அணைவின் ஒளியணைப்பு' என்று எழுதினால் படிக்கிற பிள்ளை எந்த அணை என்று திணறும். பொருளும் பிசகுகிறது.

மூன்று பைபிரிடின் ஈனிகள் சூழ்ந்த ரூத்தேனியம் அணைவை எடுத்துக்கொள்வோம். 450 நானோமீட்டர் அருகே நீல ஒளியை உறிஞ்சி, செம்மஞ்சளாக ஒளிரும். ஆக்சிஜன் மூலக்கூறு வந்து மோதினால், கிளர்வுற்ற அணைவின் ஆற்றலை அது வாங்கிக்கொள்ளும், ஒளி குறையும். ஆக்சிஜன் கூடக்கூட ஒளி மேலும் குறையும். இதற்கான சமன்பாட்டை ஸ்டெர்னும் வோல்மரும் 1919இலேயே தந்துவிட்டார்கள். மணக்குடிக் காயல் நீரில் கரைந்த ஆக்சிஜனை இப்படி அளக்கலாம். எவ்வளவு குறைந்தது என்பதுதான் அளவீடே. முழுக்க அணைந்துவிட்டால் உணரி எதைச் சொல்லும்?

குவென்ச்சிங்குக்கு 'அவிப்பு' என்றும் சொல்லலாம், நல்ல பழஞ்சொல். ஆனால் எங்கள் பக்கம் அவிப்பது என்றால் மரச்சீனிக் கிழங்குதான், அப்புறம்தான் மற்றதெல்லாம்.

ஆகவே 'ஒளித்தணிவு'. காய்ச்சல் தணிந்தது என்கிறோமே, அந்தப் படிப்படியான இறக்கம் இதில் இருக்கிறது. தணிக்கும் பொருள் 'தணிப்பி'. எதிர்த்திசையிலும் சொல் கைகொடுக்கும். சில உணரிகளில் ஈனியில் உள்ள அமீன் நைட்ரஜன் எலக்ட்ரானைத் தந்து ஒளியைத் தணித்தே வைத்திருக்கும். துத்தநாக அயனி அந்த நைட்ரஜனைப் பிடித்ததும் ஒளி எழும். இது 'தணிவுநீக்கம்'.

யூரோப்பியம், டெர்பியம் ஆகிய அருமண் தனிமங்களின் அணைவுகளில் தணிப்பி தண்ணீரேதான். ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்பின் அதிர்வு ஆற்றலை இழுத்துவிடும். அதனால்தான் நீர் நெருங்காதபடி உலோக அயனியை ஈனியால் பொதிந்து வடிவமைக்கிறார்கள். எங்கள் மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ள மோனசைட் என்னும் அருமண் கனிமத்தில் சீரியம், லாந்தனம், நியோடிமியம்தான் மிகுதி, யூரோப்பியம் சொற்பம். ஆனாலும் அருமண் தனிமங்களை வாசலில் வைத்திருக்கும் மாவட்டத்துப் பிள்ளைகள் இந்த வேதியியலைத் தமிழில் தடுமாறாமல் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

இன்னொன்று மீதி இருக்கிறது. இந்த அணைவுகளில் ஈனி ஒளியை வாங்கி உலோகத்துக்குக் கைமாற்றும். ஆங்கிலத்தில் அதை 'ஆன்டெனா' என்கிறார்கள். 'ஒளிவாங்கி' என்றால் ஒலிவாங்கியோடு குழம்பும். 'ஒளியேற்பி' சரிவருமா? கருத்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
நாகர்கோவிலிலிருந்து